மலைக்கோட்டை தெரிகிறது, மடை தெரியவில்லை

திண்டுக்கல் சமவெளியில் யாரும் முழுதாகத் தொலைந்துபோவதில்லை. எந்தப் பொட்டலில் நின்று தலையைத் தூக்கினாலும் ஒரு பக்கம் மலைக்கோட்டைப் பாறை தெரியும். தெற்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலை, மேற்கே வெயில் மங்கலில் பழனிமலைத் தொடர். ஊர் எந்தத் திக்கில் இருக்கிறதென்று பள்ளிக்கூடப் பையனும் கை நீட்டிவிடுவான். ஓரியண்டியரிங் பழகுகிறவருக்கு இதுவே முதல் இடைஞ்சல். பாறை தெரிகிற தெம்பில் வரைபடத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஒரு கிலோமீட்டரைச் சுலபமாகக் கடப்பார். தேடிப்போன மடைக்கு நூறு மீட்டர் முன்னால் வந்து, பத்து நிமிஷம் கருவேலங்காட்டைச் சுற்றுவார்.

எங்கள் சிறு குழு அண்மையில் ஓடிய ஓட்டங்களின் தாள்களைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்தால், நேரம் கரைந்த இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நீண்ட ஓட்டத்தில் யாரும் அதிகம் இழப்பதில்லை, கடைசி நூறு மீட்டரில்தான் இழக்கிறார்கள். மூச்சுப் பயிற்சியும் கால் பலமும் வேண்டியவைதான். ஆனால் அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் தப்பான புதருக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். இந்த அத்தியாயம் அந்த நூறு மீட்டரைப் பற்றியது.

விளையாட்டின் விதிகளை முன்பே பார்த்துவிட்டோம். வரைபடத்தில் முக்கோணம் தொடக்கம், ஒற்றை வட்டங்கள் கண்ட்ரோல்கள், இரட்டை வட்டம் முடிவு. வட்டத்தின் நடுவில் இருக்கும் பொருளருகே 30 செ.மீ. சதுரமுள்ள ஆரஞ்சு-வெள்ளைக் கொடி தொங்கும். வரிசைப்படி எல்லாவற்றையும் தொட்டு வரவேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. 1897-ல் நார்வேயில் முதல் பொதுப் போட்டி நடந்தபோதும் சாரம் இதுதான். 1919-ல் ஸ்டாக்ஹோம் அருகே பெரிய போட்டி நடத்தி இதைப் பரப்பிய எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி, ஓடுவதில் சலிப்புற்ற இளைஞர்களை வரைபடத்தைக் காட்டி இழுக்கப் பார்த்தார். உலக அமைப்பு 1961-ல் வந்தது. நம் பக்கத்தில் கல்லூரி என்.சி.சி.யில் வரைபட வாசிப்பு படித்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். அவர்கள் அதை உட்கார்ந்து செய்தார்கள், இங்கே ஓடிக்கொண்டே செய்யவேண்டும்.

எந்த வரைபடம்

வாராவாரம் போட்டி நடந்து, அதற்கென வரைந்த தாள் கையில் கிடைக்கிற ஊர் அல்ல நம்முடையது. ஆகவே முதல் பயிற்சியே வரைபடம் செய்வதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஷூ வாங்கியாயிற்று, ஓடலாம் என்று வந்தவரிடம் பென்சிலைக் கொடுத்தால் முகம் சுருங்கத்தான் செய்யும். இருந்தாலும் ஒரு குளத்துக் கரையைத் தானே அளந்து வரைந்தவர் அந்தக் கரையில் வழிதவறி நான் பார்த்ததில்லை.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோபோ தாளிலிருந்து தொடங்குங்கள். திண்டுக்கல்லுக்கு ஒரு தொல்லை உண்டு: 78-ஆம் தீர்க்கரேகை நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே போகிறது. பழைய எண்முறையில் நகரம் 58 எஃப்/15 தாளின் கிழக்கு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் 58 ஜே/3 வேண்டும். இரண்டையும் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் 1 செ.மீ. என்பது 500 மீட்டர், சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்று. நம் சமவெளியில் 20 மீட்டருக்குள் ஒரு கண்மாய், அதன் கரை, இரண்டு ஓடை, ஒரு கரடு எல்லாம் அடங்கிப்போகும். ஓரியண்டியரிங் தாள் 1:15,000 அல்லது 1:10,000 அளவில் 5 மீட்டருக்கு ஒரு கோடு போடுவது அதனால்தான். தட்டையான நிலத்தில் 2.5 மீட்டருக்கும் போடுவார்கள். டோபோ தாளை ஊர்களும் ஓடைகளும் எங்கே என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டு வழிகாட்டி நூல் எதிலும் இல்லாத ஒன்று: வருவாய்த்துறையின் புலப்படம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது. பட்டா வேலையாக அலைந்த எவருக்கும் அது பழகிய தாள். எல்லைக்கற்கள், வண்டிப்பாதை, வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் அளவோடு இருக்கும். எது யாருடைய நிலம், எந்தத் துண்டுக்கு அனுமதி கேட்கவேண்டும் என்பதற்கும் அதுவே வழி. கண்ட்ரோல் குறிப்பு எழுதப் பழகவும் கிரயப் பத்திரத்தைவிட நல்ல மாதிரி கிடையாது. வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு, ஓடைக்குத் தெற்கு என்று நான்கெல்லை சொல்லி ஒரு துண்டு நிலத்தைச் சிக்கென்று பிடித்துவிடுகிற அதே வேலையைத்தான் கண்ட்ரோல் குறிப்பும் செய்கிறது.

இவற்றோடு செயற்கைக்கோள் படத்தையும் அடியில் வைத்து, ஓப்பன் ஓரியண்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். ஓட்டப்பாதையைப் போட பர்ப்பிள் பென், கொடி கட்டாமலே கைப்பேசியில் ஓடிப்பார்க்க மேப்ரன். இரண்டுமே காசு கேட்பதில்லை. படம் வரைய அனுமதி வேண்டுமா என்று சிலர் தயங்குகிறார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளுக்குப் பிறகு இந்தியர் இத்தகைய வரைபடம் தயாரிக்க முன்னனுமதி தேவையில்லை. தனியார் நிலத்தில் கால் வைக்க அனுமதி கேட்பது வேறு விஷயம், அதைக் கட்டாயம் கேளுங்கள்.

நிறங்களில் நம் ஊருக்கான எச்சரிக்கை ஒன்றுண்டு. வெள்ளை ஓடத்தக்க காடு, மஞ்சள் வெட்டவெளி, பச்சை அடர்ந்த புதர் என்பது உலக வழக்கம். நமக்குப் பச்சை என்றால் ஏறக்குறைய எப்போதும் சீமைக்கருவேலம். அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது பல கண்மாய்கள் வெளுத்தன. வேரோடு எடுக்காத இடங்களில் மறுபடி தழைத்துவிட்டது. இரண்டு மழை தாண்டினால் மஞ்சள் பச்சையாகும், பொக்லைன் வந்துபோனால் பச்சை மஞ்சளாகும். ஆகவே புதரின் விளிம்பை நம்பி கண்ட்ரோல் வைக்காதீர்கள். அதை நம்பி ஓடவும் செய்யாதீர்கள்.

காம்பஸ், சூரியன்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பிய விலையுயர்ந்த காம்பஸ் இங்கே சண்டித்தனம் செய்வதுண்டு. காம்பஸில் கோளாறு இல்லை. காந்த ஊசி வடக்கே திரும்புவதோடு, பூமிக்குள்ளும் சாயப் பார்க்கும். ஸ்வீடன் போன்ற இடங்களில் இந்தச் சாய்வு மிக அதிகம். அதைச் சமன்செய்ய ஊசியின் தென்பாதியைக் கனமாக்கிச் செய்கிறார்கள். காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதே அதனால்தான். திண்டுக்கல்லில் சாய்வு சில பாகைதான் என்பதால் அந்தக் கூடுதல் கனம் தென்முனையைக் கீழே அழுத்தி, ஊசி கூட்டின் அடியில் உரசி நிற்கும். வாங்கும்போது நம் மண்டலத்துக்கோ, உலகம் முழுவதற்குமோ சமன்செய்த ஊசியா என்று கேட்டு வாங்குங்கள்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் மேற்காகச் சுமார் இரண்டு பாகைதான். அரைக் கிலோமீட்டருக்கு 17 மீட்டர் விலகும். ஓரியண்டியரிங் தாளின் கோடுகள் காந்த வடக்குப்படியே போடப்படுவதால் அங்கே கணக்கு வேண்டாம், டோபோ தாளில் மட்டும் நினைவு வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்திவைத்த டிராக்டர், போர்வெல் குழாய் ஆகியவற்றின் அருகே ஊசியைப் பார்க்கவேண்டாம்.

நடுப்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்று ஐரோப்பிய நூல்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் சித்திரையில் நேர் எதிரே ஓடுவீர்கள். நம் அட்சரேகை பத்து பாகைக்குச் சற்று மேல். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும், நிழலே இராது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே நின்று, நிழல் தெற்கே விழும். போதாததற்கு, இந்திய நேரம் 82½ பாகைக்கு வைத்தது. நமக்கு உச்சிப்பொழுது கடிகாரத்தில் சராசரியாக 12 மணி 18 நிமிஷம். எனவே நிழலைக் காலையில் மட்டும் நம்புங்கள். எப்படியும் காலை எட்டரைக்கு மேல் இந்த வெளியில் ஓடுவது வீராப்பே தவிர பயிற்சியல்ல.

தண்ணீரைப் படித்தல்

பாறைக்குப் பதிலாக எதைப் பிடித்துக்கொள்வது? தண்ணீர் ஓடும் தடத்தை. சமவெளி தட்டை என்று கண் சொல்லும், தண்ணீர் அப்படிச் சொல்லாது. நகரத்துக்கு வடக்கே ஓடைகள் குடகனாற்றை நோக்கிப் போகின்றன, குடகனாறு வடக்கே போய்க் கரூர்ப் பக்கம் அமராவதியில் சேர்கிறது. தெற்கே நிலக்கோட்டைப் பக்கத்து ஓடைகள் வைகையை நோக்கித் திரும்புகின்றன. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்தால் வறண்ட ஓடையில் இறங்கியதும் மணல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்தே திசையை ஊகிக்கலாம்.

கண்மாயைப் படிப்பதுதான் இந்த நிலத்தின் ஆதாரப் பாடம். கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். மேட்டிலிருந்து வரத்து வாய்க்கால் வரும். கரையின் அடியில் மடை, கரையின் கோடியில் கலுங்கு, கலுங்கிலிருந்து மறுகால் அடுத்த கண்மாய்க்கு. மடைக்குக் கீழே ஆயக்கட்டு வயல். இது தெரிந்தவருக்குத் தூரத்தில் ஒரு நீண்ட மண்மேடு கண்ணில் பட்டதுமே எந்தப் பக்கம் பள்ளம், எங்கே மடை தேடவேண்டும், எங்கே கலுங்கு இருக்கும் என்பது ஓடும்போதே மனதில் வந்துவிடும். வடக்கே சரியும் நிலத்தில் கரை பெரும்பாலும் வடக்கு ஓரத்தில் கிடக்கும். ஒரு கண்மாயின் மறுகாலைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்ததில் கொண்டுபோய் விடும். ஓரியண்டியரிங்காரர்கள் கைப்பிடி என்று சொல்வதற்கு இதைவிட நல்லது இந்த நிலத்தில் இல்லை. ரயில் பாதையும் நேரான கைப்பிடிதான். திண்டுக்கல் சந்திப்பிலிருந்து திருச்சி, கரூர், பழனி, மதுரை என நான்கு பக்கமும் போகிறது. அதற்கு இணையாக, சற்று விலகி ஓடலாம். தண்டவாளத்தைக் கடப்பது குற்றம், கேட்டோ சுரங்கப்பாதையோ இல்லாத இடத்தில் ஓட்டப்பாதை போடவே கூடாது.

இப்போது அந்த நூறு மீட்டருக்கு வருவோம். பொட்டலின் தென்முனையில் நிற்கிறீர்கள். கண்ட்ரோல் வடக்கே 500 மீட்டரில், கரையின் நடு மடை. காம்பஸைப் பிடித்து நேரே ஓடினால் பழகிய ஓட்டக்காரருக்கும் நாலு பாகை பிசகும், அது 35 மீட்டர். கரையில் ஏறியதும் மடை இடத்திலா வலத்திலா என்று தெரியாது. அரை நிமிஷம் ஒரு பக்கம், ஒரு நிமிஷம் மறுபக்கம், பிறகு சந்தேகம். இதற்கு மாற்று, தொடக்கத்திலேயே வேண்டுமென்று கிழக்கே ஒரு விரல் விலகி ஓடுவது. கரையைத் தொட்டதும் மேற்கே திரும்பவேண்டும் என்பது முன்பே முடிவான விஷயம், யோசிக்க ஒன்றுமில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால் கடைசிப் பிடி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கரையின் கிழக்குக் கோடிக் கலுங்கு பெரியது, கல்கட்டு, தவறவிட முடியாதது. அங்கே வரை வேகமாக ஓடி, அங்கே வேகத்தைப் பாதியாக்கி, கலுங்கிலிருந்து மடைக்கு வரைபடத்தில் எத்தனை மீட்டரோ அத்தனையைத் தப்படியால் எண்ணிப் போங்கள். வழி கொஞ்சம் சுற்று. ஆனால் எங்கள் தாள்களில் சுற்றி வந்தவரே முதலில் வந்திருக்கிறார்.

தப்படிக் கணக்கை மைதானத்தில் பழகினால் மட்டும் போதாது. நூறு மீட்டர் அளந்து, இடதுகால் ஊன்றுவதை மட்டும் எண்ணுங்கள். மெதுவோட்டத்தில் பலருக்கு நாற்பதுக்கு முன்பின் வரும். அதே நூறு மீட்டரை உழவு நிலத்திலும், கரை மேலும், முள் ஒதுக்கி நடக்கிற இடத்திலும் எண்ணித் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். நான்கு எண்களையும் சின்னத் துண்டில் எழுதித் தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் கணக்கு முழுக்க மாறும். வைகாசியில் கண்மாய்க்குள் குறுக்கே ஓடிக் கடந்த இடம், வடகிழக்குப் பருவமழை பெய்தபின் கார்த்திகையில் ஆள் உயரத் தண்ணீர். நிறைந்த கண்மாயில் இறங்கக் கூடாது என்பதற்கு விதிவிலக்கு கிடையாது. பயிர் நிற்கும் வயலும் அப்படியே: அறுவடைக்குப் பின் மஞ்சள், நடவுக்குப் பின் தடை.

ஊருக்குள் ஓட்டம்

நகரத்தில் ஸ்பிரிண்ட் ஓடலாம். அளவு 1:4,000, ஒரு செ.மீ. 40 மீட்டர். தேர்ந்தவர்கள் கால் மணிக்குள் முடிப்பதாகப் பாதை போடுவது உலக வழக்கம். ஞாயிறு விடியற்காலையில் பேகம்பூர், நாகல்நகர்ச் சந்துகள் நல்ல பரீட்சை. ஆர்.எம். காலனி போன்ற நேர்த்தெருக்கள் சுலபமாகத் தெரிந்து, வேகத்தில் ஒரு குறுக்குத்தெரு தாண்டிப்போக வைக்கும். மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கே கொடி கட்டும் எண்ணமே வேண்டாம். ஓட்டத்துக்கு முந்தைய நாள் சீட்டு வாங்கி மேலேறி, கிழக்கே விரிந்து கிடக்கிற நகரத்துக்கு எதிரே தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்க்க அதுபோல ஓர் இடம் கிடையாது. பாதை போடுகிறவர் காலண்டரைப் பார்க்க மறக்கக் கூடாது. முகூர்த்த நாளில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். வரைபடத்தில் இல்லாத அந்தப் பந்தலுக்குள் சட்டை நனைந்த ஆள் ஒருவர் நுழைந்தால் பந்திக்கு முந்தி வந்தவர் என்றே நினைப்பார்கள்.

ஊருக்கு வெளியே கேள்வி வேறு. கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிவந்த ஒருவர் கேட்டார்:

“என்ன தம்பி, எந்தக் கட்சி?”

“கட்சி இல்லண்ணே, ஓட்டப்பந்தயம். இந்தக் கொடியைத் தேடிக்கிட்டு வருவாங்க.”

“தேடணும்னா ஏன் இங்கிட்டு ஒளிச்சுக் கட்டுற? கரை மேல கட்டு, எல்லாருக்கும் தெரியும்.”

நியாயமான கேள்வி. போட்டி தொடங்கியபின் ஓடுகிறவர் அவரிடம் வழி கேட்கக் கூடாது, ஆனால் பாதை போடுகிறவர் அவரைத்தான் முதலில் பார்க்கவேண்டும். வடக்கால, மேக்கால என்று திசையிலேயே பேசுகிற அவருக்குப் புதிதாய் வெட்டிய கிணறும் மின்வேலியும் தெரிந்திருக்கும். தேர்தல் சமயத்தில் கொடி கட்டாமல் மேப்ரனில் ஓடுவது நல்லது.

ஓடி முடித்தபின்

வீட்டுக்கு வந்ததும் ஜி.பி.எஸ். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் நினைவிலிருந்து, ஓடிய வழியைச் சிவப்புப் பென்சிலால் தாளில் வரையுங்கள். பிறகு கடிகாரம் பதிந்த தடத்தை அதன் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தில்தான் நீங்கள் வேறெங்கோ இருப்பதாக நினைத்து ஓடியிருக்கிறீர்கள். ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்தது வரையான ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றே விஷயம் எழுதினால் போதும்: எந்த இடம் வரை நிற்கும் இடம் உறுதியாகத் தெரிந்தது, கடைசிப் பிடி எது, அதற்குப்பின் எவ்வளவு நேரம் ஆனது. மொத்த நேரத்தையும் மற்றவர் நேரத்தையும் அந்தத் தாளில் எழுதவேண்டாம் என்பது என் கட்சி. அவற்றைப் பார்த்தவர் அடுத்த வாரம் வேகமாக ஓடத்தான் முடிவெடுப்பார், கலுங்கில் நின்று நிதானிக்க முடிவெடுக்கமாட்டார்.

கடைசிப் பிடி எழுத இடமிருந்தும் காலியாக விட்ட கட்டங்களை எண்ணுங்கள். அடுத்த வாரப் பயிற்சி அவை மட்டும்தான். அந்த மடைக்கோ கரட்டுக்கோ திரும்பப் போய், நான்கு திக்கிலிருந்தும் நடையாக அணுகிப் பாருங்கள். ஓடவேண்டாம்.

இனி ஆபத்துகள். இவற்றில் முதன்மையானது கிணறு. பாறையில் வெட்டி இறக்கிய, கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் இந்தச் சமவெளியில் நிறைய. சிலவற்றின் விளிம்பைக் கருவேலம் மூடியிருக்கும். பாழுங்கிணறு ஒன்றைக்கூட விடாமல் வரைபடத்தில் ஏற்றி, சுற்றித் தடைக் குறி போட்டபின்தான் பாதை போடவேண்டும். இருட்டில் ஓட்டம் வேண்டாம். கரை மேலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம், கணுக்கால் மறையும் உடுப்பு போடுங்கள். கருவேல முள் மெல்லிய அடியுள்ள ஷூவைத் துளைக்கும். சிறுமலையின் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அங்கே காட்டுமாடும் உண்டு, அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓடுகிறபோது கண்ணில் பட்ட மாற்றங்களை, புதிய வேலி, மூடிய வண்டிப்பாதை, வெட்டிய கருவேலம் எதுவானாலும், அன்றைக்கே தாளில் பச்சை மையால் குறித்துப் பாதை போடுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். தை மாதம் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை என வரைபடத்தைத் திருத்தி, மூலையில் மாதமும் ஆண்டும் போடுங்கள். தேதியில்லாத தாளை யார் நீட்டினாலும் அதை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடாதீர்கள். நடந்து சரிபார்க்க மட்டும் எடுத்துப் போங்கள்.